பெரட்டுக்களத்தில் ஓர் 'ஆக்சுவலி'

குருண் பக்கத்துத் தோட்டம்,
1943

மதிப்புக்குரிய மச்சான் பழனியாண்டி அவர்களுக்கு,

தங்கள் தங்கை குணவதியைக் கட்டிய பிறகும் தங்கள்மேல் மரியாதை குறையாத குழந்தைவேலு கிராணி எழுதிக்கொள்வது. இங்கு மரவள்ளிக்கிழங்கின் தயவால் அனைவரும் நலம். அங்கும் அதே கிழங்கு, அதே நலம் என்று நம்புகிறேன்.

மச்சான், ஜப்பான்காரர்கள் என்னைச் சயாமுக்கு ரயில்பாதை போட அனுப்பப்போகிறார்கள். போனவன் எவனும் திரும்பியதில்லை. சிடாம் கிரியில் உங்கள் கிழங்குக் கொல்லையில் ஒளித்து வையுங்கள்.

எல்லாம் ஓடிப்போன வெள்ளைக்காரத் துரையால் வந்தது. வாயைத் திறந்தாலே 'ஆக்சுவலி' என்பார். 'உண்மையில்' என்று அர்த்தம். ஆனால் அதைத் தொடர்ந்து வருவது திட்டு, இல்லையென்றால் சம்பள வெட்டு. அதனால் அந்தச் சொல் காதில் விழுந்ததும் தலைத்துணியை உருவிக்கொண்டு குனிவது நம் ஆட்களுக்குப் பழக்கம். கிராணி வேலையில் கணக்குப் புத்தகத்தோடு துரை பின்னால் அலைந்ததில் என் நாக்கிலும் அது ஒட்டிக்கொண்டது. இப்போது இங்கிலீஷ் பேசினால் சயாம்தான். போன வாரம் காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது, குனியச் சொல்லி ஜப்பான் அதிகாரி தொண்டை கிழியக் கத்துகிறான், ஒருவரும் ஒழுங்காகக் குனியவில்லை. விளக்கலாமே என்று நான் "ஆக்சுவலி..." என்றேன். களமே மடங்கியது! அவன் அசந்துபோய், அது என்ன பாஷை என்று அரைகுறை மலாயில் கேட்டான். தமிழில் மரியாதையான வணக்கம் என்று புளுகிவிட்டேன். அன்றிலிருந்து தினமும் அவனே "ஆக்சுவலி!" என்று கத்துகிறான்.

ரப்பர் மரத்தில் பால்வெட்டும் மருதம்மாளிடம், "ஏம்மா இப்படிக் குனியிறீங்க?" என்றேன்.

"அதுக்கப்புறம் என்ன வரும்னு எங்களுக்குத் தெரியாதாங்க கிராணி?" என்கிறாள்.

நாளை அலோர் ஸ்டாரிலிருந்து பெரிய அதிகாரி வருகிறானாம். லண்டனில் படித்தவனாம். குணவதியோ, "வாயில தண்ணிய ஊத்திக்கிட்டு நில்லுங்க. முழுங்கவும் கூடாது, துப்பவும் கூடாது" என்று யோசனை சொல்கிறாள். என்னை நம்பி வந்தவள் மச்சான், அவளைக் கைவிட்டுவிடாதீர்கள்.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அக்காவுக்கு நமஸ்காரம்.

இப்படிக்கு,
அநேகமாகக் கடைசி முறையாக,
குழந்தைவேலு

பி.கு.: தபால்காரர் வருவதற்குள் அந்தப் பெரிய அதிகாரி வந்துவிட்டான். நம் தோட்டத்து அதிகாரி "ஆக்சுவலி!" என்று கத்தினான், களம் குனிந்தது. பெரியவன் என் பக்கம் திரும்பி, "இது என்ன சொல்?" என்று சுத்தமான இங்கிலீஷில் கேட்டான். உண்மையை ஒப்புக்கொள்வோம் என்று "ஆக்சுவலி, சார்..." என்றேன். எல்லோரும் மறுபடி குனிந்தார்கள். எதிரில் இத்தனை பேர் குனிந்தால் ஜப்பான்காரன் இடுப்பு சும்மா இருக்குமா? அதிகாரிகள் இருவரும் பதிலுக்குக் குனிந்துவிட்டார்கள். நிமிர்ந்தபோது பெரியவன் முகம் சிவந்திருந்தது. தான் தலைவணங்கிய சொல் இங்கிலீஷ் என்று அவன் எப்படி ஒப்புக்கொள்வான்? "நல்ல தமிழ்" என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறிவிட்டான். கொல்லை வேண்டாம் மச்சான். அவன் உத்தரவுப்படி, அடுத்த வாரத்திலிருந்து பீடோங் தோட்டங்களின் ஜப்பான் அதிகாரிகளுக்கு நான்தான் தமிழ் வாத்தியார்.