ஓட்டை மாமாவும் ஈயச் சொம்பும்

மெட்ராஸ் முழுவதும் ஓட்டைப் பாத்திரத்தை அடைக்க ஆள் தேடிக்கொண்டிருந்த காலத்தில், நல்ல பாத்திரத்தில் ஓட்டை போட ஆள் தேடிய ஒரே மனிதர் எங்கள் ஓட்டை மாமாதான். இன்னொருத்தர் இருந்தார் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

எழுபதுகளின் ஆரம்பம். கல்யாணமான புதிதில் மயிலாப்பூரில் ஒரு ஸ்டோரில் குடித்தனம் வந்தேன். ஸ்டோர் என்றால் கடை இல்லை. ஒரே வாசலுக்குள் வரிசையாகப் பல குடித்தனங்கள். அடுத்த போர்ஷனில் மாமாவும் மாமியும். குழந்தைகள் கிடையாது. மொட்டை மாடி நிறைய மாமாவின் கள்ளிச் செடிகள்தான். உருண்டைக் கள்ளி, விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் கள்ளி, இலையெல்லாம் சதை பிடித்த செடி என்று ஒரு பட்டாளமே இருக்கும். வடாம் பிழியப் போனவள் காலில் முள்ளோடுதான் கீழே இறங்குவாள்.

இந்தச் செடிகளைச் சாதாரண மண் தொட்டியில் வைத்தால் மாமாவுக்கு மனசு ஆறாது. செடிக்கும் பாத்திரத்துக்கும் பொருத்தம் பார்ப்பார். ஜாதகம் ஒன்றுதான் பாக்கி. ஊறுகாய் ஜாடி, வனஸ்பதி டப்பா, அவர் அப்பா வெற்றிலை துப்பிய பணிக்கம் எல்லாவற்றிலும் கள்ளி குடியேறியிருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் ஓட்டை.

"கள்ளி தண்ணி இல்லேன்னா சாகாதும்மா. தண்ணி தேங்கினா செத்துடும். ஓட்டை இல்லாத பாத்திரம் அதுக்குச் சமாதி!" என்பார்.

ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தவருக்குக் காபி கொடுத்தேன். குடித்து முடித்து டம்ளரைக் கவிழ்த்தார். சுண்டினார். காதில் வைத்துப் பார்த்தார்.

"அடி நல்ல கனம். ஒரு ஓட்டை தாங்கும்" என்றார்.

"மாமா, அது எங்க கல்யாணத்துக்கு வந்தது!" என்று பிடுங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து அவர் வந்தால் காபி டம்ளர் என் கண்ணை விட்டு அகலாது.

ஓட்டை போடுவதற்கு அவர் பிடித்த ஆள் யார் தெரியுமா? தெருவில் "பாத்திரம் அடைக்கறதேய்!" என்று கூவிக்கொண்டு வருபவர். முதல் தடவை அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"இன்னா சாமி இது? ஊரெல்லாம் ஓட்டைய அட்ச்சிக்கினு வரேன். நீ இன்னாடான்னா நல்லாகீற பாத்திரத்துல ஓட்டை போடச் சொல்ற!"

"போடுப்பா. கூலி வாங்கிண்டு பேசாம போடு."

இப்படி ஜோராகப் போய்க்கொண்டிருந்த கதை, ஒரு சாம்பல் நிற உருண்டைக் கள்ளி வந்ததும் கெட்டது. அதற்குப் பொருத்தமான பாத்திரம் தேடி மாமா சமையலறையில் புகுந்தார். அலமாரியில் ஒரு சொம்பு. நசுங்கல், நிறம் மங்கல். பழசு, யாருக்கும் வேண்டாதது என்று முடிவு கட்டிவிட்டார். அடியில் ஒரு ஓட்டை போட்டு வாங்கி, மண் கலந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு ஆபீஸ் போனார்.

அது மாமி ரசம் வைக்கும் ஈயச் சொம்பு. ஈயம் என்றால் நசுங்கித்தான் இருக்கும்! அடுப்பங்கரைப் பக்கமே தலைகாட்டாத மனுஷனுக்கு அது எங்கே தெரியப்போகிறது? மாமி புளி ஜலத்தை விட்டு ஸ்டவ்வில் ஏற்றினாள். ரசம் ஒழுகி ஸ்டவ் அணைந்தது. சாயங்காலம் மாமா வந்ததும் ஸ்டோரே அதிர்ந்தது.

"எங்கம்மா ஆசையா வாங்கிக் குடுத்தது! அதுல ஓட்டை போட்டதுக்கு என் தலையில போட்டிருக்கலாமே! அந்தச் சொம்பு முழுசானா வரேன். இல்லேன்னா நீங்களும் உங்க கள்ளியுமா இருங்கோ!"

மாமி ஆதம்பாக்கத்தில் இருந்த அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். எனக்கும் வயிற்றில் அடிதான். எனக்கு ரசம் வராது. தினம் மாமி தரும் ஒரு டம்ளரில்தான் எங்கள் குடும்ப மானம் ஓடிக்கொண்டிருந்தது.

மாமா பாத்திரம் அடைப்பவரைப் பிடித்தார். "வாணாம் சாமி, உள்ள தண்ணி இல்லாம சூடு பட்டா இது உர்கிப்பூடும்" என்று அவர் சொல்லச் சொல்ல, "பத்தவைப்பா, என் சம்சாரம் வரணும்" என்று மாமா கெஞ்சினார். அவரும் பத்தவைத்தார். சொம்பு கண்ணெதிரே கரைந்து, அப்பளம் மாதிரி தரையில் படுத்துவிட்டது. மாமா அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மாட வீதியில் ஒரு பாத்திரக் கடைக்குப் போனார். வழக்கம்போல ஒவ்வொரு சொம்பாகச் சுண்டிப் பார்த்து, கவிழ்த்துப் பார்த்தார். கடைக்காரர் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தனை பேருக்கு ரசம் சார்?"

மாமா திருதிருவென்று என்னைப் பார்த்தார். "ஏம்மா, அவ எவ்வளவு ரசம் வைப்பா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "என்னைக் கேக்கறேளே மாமா! எந்தச் செடிக்கு எவ்வளவு வேர்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்வேள். இத்தனை வருஷமா வாங்கி வாங்கி ஊத்திண்டது நீங்கதானே?"

மாமா கையிலிருந்த சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் முதல்ல சாப்பிட்டுட்டு எழுந்து போயிடுவேன். அவ சாப்பிடறதைப் பார்த்ததே இல்லையேம்மா. அவளுக்கு ரசம் மிஞ்சித்தோ, இல்லியோ..."

பாவம், குரல் உடைந்துவிட்டது. என் கோபம் போன இடம் தெரியவில்லை. மாமா கடைக்காரர் பக்கம் திரும்பி, "ஒரு சைஸ் பெரிசாவே குடுங்கோ" என்றார்.

அங்கிருந்தே இரண்டு பேரும் ஆதம்பாக்கம் போனோம். மாமி வாசலுக்கு வந்து சொம்பை வாங்கினாள். திருப்பி அடியை விரலால் தடவினாள். கிணற்று ஜலத்தை விளிம்பு வரை விட்டுத் தூக்கிப் பிடித்தாள். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

"ரெண்டு பேருக்கு எதுக்கு இவ்வளவு பெரிசு?"

"நோக்கு மிஞ்சணும்னுதான்" என்றார் மாமா, தரையைப் பார்த்துக்கொண்டு.

மாமி விறுவிறுவென்று உள்ளே போனாள். "போச்சு, கோச்சுண்டுட்டா" என்று மாமா என் காதில் முணுமுணுத்தார். கொஞ்ச நேரத்தில் மாமி ஒரு கையில் துணிப்பையோடும் இன்னொரு கையில் துருப்பிடித்த பெரிய இரும்பு வாளியோடும் வெளியே வந்தாள்.

"கொல்லையில கெடந்தது. அடியெல்லாம் ஓட்டை. வந்த அன்னிக்கே உங்களுக்குன்னு எடுத்து வச்சேன். இதுல எதை வேணா நட்டுக்கோங்கோ. என் அடுப்பங்கரையில இனிமே கால் வச்சேளோ, தெரியும் சேதி!"

மாமா ஆசையாக வாளியை வாங்கிக் கவிழ்த்தார். அவர் நெற்றி சுருங்கியது. "ரொம்பப் பெரிசுடீ இது. கள்ளி இதுல வச்சா மண்ணு ஈரம் காயாது, வேரெல்லாம் அழுகி..."

என்று ஆரம்பித்தவர், மாமி முகத்தைப் பார்த்தார். அவள் கண் நிறைந்திருந்தது.

"...இல்லை, இல்லை. ரொம்பப் பொருத்தமா இருக்கு" என்றார்.

பாத்திர விஷயத்தில் ஓட்டை மாமா பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அந்த நிமிஷத்திலிருந்து அந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.