ஆற்றைக் காக்கிறவர்

ஆற்றுக் காவலர் என்றொரு இனம் உண்டு. கானாவில் தங்கம் தோண்டுகிற எங்கள் பக்கத்தில் அது கொழுகொழுவென்று வளர்கிறது. ஊர்ப் பெரிய மனிதர், கட்சிப் புள்ளி, ஆற்றுப் பாதுகாப்புக் குழுத் தலைவர் என்று மூன்று நாற்காலியிலும் ஒரே ஆளாக உட்கார்ந்திருப்பார்.

எங்கள் துமாசியையே எடுத்துக்கொள்ளுங்கள்; ஊரார் அவரை மரியாதையாக 'நானா' என்று கூப்பிடுவார்கள். மேடை ஏறினால் ஆற்றை அம்மா என்பார், பாக்கெட் தண்ணீரின் மூலையைக் கடித்து ஒரு மடக்கு உறிஞ்சிவிட்டு மறுபடியும் அம்மா என்பார். அந்த அம்மாவின் வயிற்றைக் குடைகிற பொக்லைன்களில் இரண்டு அவருடையவை. யார் கேட்பது? நிலத்தைக் காட்டிவிட்ட பரம்பரை ஊர்த்தலைவருக்கு ஒரு பங்கு, தேர்தல் செலவென்று கட்சிக்கு ஒரு பங்கு. திருட்டுத்தனமாகத் தோண்டுகிறவர்களைப் பிடிக்கப் பட்டாளம் சோதனைக்கு வரும் சேதி அவருக்கு முன்கூட்டியே வந்துவிடும். பொக்லைன்கள் காட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். கோகோ விவசாயத்தில் பிழைக்க வழியில்லாமல் மண்வெட்டியோடு இறங்கிய பையன்களின் பம்புசெட்டுகள்தான் எரியும். புகைப்படத்தில் புகையும் விழும், பக்கத்தில் துமாசியும் விழுவார்.

பக்தியில் மட்டும் குறை சொல்ல முடியாது. வியாழக்கிழமை பூமித்தாய்க்கு ஓய்வு நாள், யாரும் மண்ணைக் கொத்தக்கூடாது. அவருடைய பொக்லைன்களும் கொத்துவதில்லை. அன்று அவற்றுக்கு எண்ணெய் மாற்றுவார்கள்.

செர்வா, கென்கே என்கிற சோள உருண்டை அவித்து விற்கிறவள். சோள மாவைப் புளிக்கவைக்கத் தண்ணீர் வேண்டும். ஆறோ பால் ஊற்றிய டீ மாதிரி ஓடுகிறது, பாதரசம் வேறு. உருண்டையில் சேறு நாறுகிறதென்று வாடிக்கையில் பாதி போய்விட்டது. மாவு நாள்கிழமை பார்க்குமா? கொல்லையில் ஒரு கிணறு தோண்டினாள். வியாழக்கிழமையில் தோண்டிவிட்டாள்!

மறுநாள் காலை துமாசி பரிவாரத்தோடு வந்தார். ஒரு கடா அபராதம், கிணற்றையும் தூர்க்க வேண்டும் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். கிணறு போனால் செர்வாவின் பிழைப்பும் போச்சு. அவள் பெஞ்சைத் துடைத்துப் போட்டு, ஒரு குவளைத் தண்ணீரை நீட்டினாள். வந்தவர் தண்ணீர் குடித்த பிறகுதான் வந்த காரியத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. குவளைக்குள் ஆறு இருந்தது.

"என்னம்மா இது?"

"நீங்க அம்மாங்கிறீங்களே நானா, அவதான். குடிங்க."

"பாக்கெட் தண்ணி இல்லியா?"

"அதுக்கு யாவாரம் நடக்கணுமே! ஏன், எங்க வீட்டுத் தண்ணி வேணாமா? அப்ப பகையாளியாவா வந்திருக்கீங்க?"

வேலிக்கு அந்தப் பக்கம் கூட்டம் கூடிவிட்டது. "பெத்தவ குடுக்கிறா, ஒரு வாய் குடிங்க நானா!" என்று ஒரு குரல். துமாசி குவளையைத் தூக்கினார், முகர்ந்தார், கீழே வைத்தார்.

"ஒண்ணுமில்ல... சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

கிணறு தப்பியது. எனக்கு வாயெல்லாம் பல். ஆனால் இந்த இனம் ஒரு அடியில் சாகிறதா என்ன? அன்று மாலையே குழு கூடி, உறுப்பினர்கள் இனி யார் வீட்டுக்குப் போனாலும் பாக்கெட் தண்ணீரும் கையுமாகத்தான் போகவேண்டும் என்று கைதட்டித் தீர்மானம் போட்டது.

இவரை நேரில் பார்க்க ஆசையா? கானா வரைக்கும் வர வேண்டாம். ஆற்று மணலில் கட்டிய வீட்டின் மொட்டைமாடியில் நின்று, "ஆறெல்லாம் போச்சே!" என்று பெருமூச்சு விடுகிறாரே, அவரைப் பாருங்கள் போதும். மாடிப்படி ஏறுமுன் வாசலில் இருக்கும் பெயர்ப்பலகையையும் ஒருமுறை படித்துவிடுங்கள். தெரிந்த பெயராக இருக்கலாம்.