ரிப்பன் வெட்டாத கத்தரிக்கோல்

சிட்னியில் எவருக்கும் அஞ்சாத ஒரே பிறவி எங்கள் ஹோம்புஷ் பகுதிக் கத்தரி அன்ரிதான். சாரி பிளவுஸ் தைப்பவர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

அவரிடம் ஒரு கத்தரிக்கோல் இருக்கிறது. ஜப்பானில் ஒரு கொல்லர் கையாலேயே அடித்து, கைப்பிடிக்குக் கறுப்பு அரக்கு பூசியது. மற்றக் கத்தரிகளால் வெட்டி வெட்டி அன்ரியின் மணிக்கட்டு வீங்கிப்போனது. இது வந்த பிறகுதான் வலியில்லாமல் தைக்கிறார். கூர் போனால் அந்தக் கொல்லரிடமே அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதுவரை அன்ரிக்குத் தொழில் இல்லை.

அதனால் துணி தவிர வேறெதையும் அது தொடக்கூடாது. ஒருமுறை அவர் கணவர் அதால் மிளகாய்த்தூள் பாக்கெட்டை வெட்டினார். பாவம், இன்றுவரை பாக்கெட்டுகளைப் பல்லால்தான் பிரிக்கிறார். கத்தரியை ஒருவர் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று அன்ரி மேசையில்தான் வைப்பார். சண்டையை மட்டும் நேரடியாகவே போடுவார்.

போன வருடம் எங்கள் சங்க மண்டபத் திறப்பு விழா. நடனப் பிள்ளைகளின் உடையைச் சரிசெய்ய அன்ரியும் வந்திருந்தார். தட்டில் சந்தனம், குங்குமம், கற்கண்டு எல்லாம் இருந்தன. வாசலில் கட்டிய ரிப்பனை வெட்டக் கத்தரிக்கோலைத்தான் மறந்துவிட்டார்கள். செயலாளர் ஓடிப்போய் அன்ரியின் பையிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்தார். பிரதம விருந்தினரான வெள்ளைக்கார அம்மா புன்னகையோடு கையை நீட்டினார்.

"வையுங்கோ கீழ!"

நாதஸ்வரம் பாதியில் நின்றது. அன்ரி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்.

"அக்கா, ஒருக்காத்தானே!" என்று செயலாளர் கெஞ்சினார்.

"ஒருக்காவெண்டு உங்கட கார்க் கண்ணாடிக்குக் கல்லெறியட்டோ? இது பிளாஸ்டிக் ரிப்பன். என்ர கத்தரி இதை வெட்டாது."

"மானம் போகுது அக்கா!"

"உங்கட மானம் நாளைக்கு வரும். என்ர கூர் வராது." விருந்தினரிடம் திரும்பினார். "மேடம், நொட் கட்டிங். ஓப்பன் த நொட்!"

அந்த அம்மா குனிந்து முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். செயலாளர் போட்ட முடிச்சு லேசில் அவிழுமா? நாதஸ்வரக்காரர் மறுபடி தொடங்கி, மூச்சு வாங்கும்வரை வாசித்தார். கடைசியில் கதவு திறந்தது. உள்ளே போகும்போது அந்த அம்மா அன்ரியின் கையைக் குலுக்கினார். செயலாளரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

இனி அன்ரியைக் கூப்பிடுவதில்லை என்று சங்கத்தில் முடிவாகிவிட்டது.

"கூப்பிடாட்டி என்ன? பிள்ளையளின்ர சட்டை கிழிஞ்சால் நான் வருவன்" என்றார் அன்ரி, கைப்பிடியைப் பஞ்சுத் துணியால் துடைத்தபடி.

அவரை அழைக்காத விழாவுக்கு நானும் வரமாட்டேன் என்று செயலாளரிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன்.