பச்சைக்கொடியும் புலி லோரியும்

பயப்படுவதையே உத்தியோகமாகச் செய்து, அதற்குப் பென்ஷனும் வாங்கிய மனிதர் மலாயா முழுவதிலும் ஒருவர்தான். எங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த யாழ்ப்பாணத்து ரயில் கார்டு அவர். சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. தெருவுக்கே அவர் பச்சைக்கொடி.

ரயிலின் கடைசிப் பெட்டியில் முப்பது வருஷம் பின்பக்கம் பார்த்தே பயணம் செய்தவர். பாலம் வந்தால் பயம், வளைவு வந்தால் பயம், ஒன்றுமே வராவிட்டால் அதைவிடப் பயம். வீட்டில் நாற்காலியில் உட்காருமுன் நான்கு கால்களையும் தட்டிப் பார்ப்பார். பாசாருக்குக் காய்கறி வாங்கக் கிளம்பும் மனைவிக்கும், தெருவை இரண்டு பக்கமும் பார்த்துக் கொடி காட்டிய பிறகுதான் வழி விடுவார்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஓய்வு வந்தது. மாதக் கடைசிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பிள்ளைகள் இல்லை. யாழ்ப்பாணத்துக்கே திரும்பிவிடலாம் என்றார். அக்கா அசையவில்லை. அவர் மனைவியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"முப்பது வருசமா நீங்கள் போனியள், நான் வாசலிலை நிண்டன். இனி நானும் வரவேணும்."

கணவர் பார்த்த ஊரையெல்லாம் தானும் பார்க்க வேண்டுமாம். கிள்ளானில் ஊர் ஊராக மருந்து விற்ற ஒரு சீனரின் பழைய லோரி விலைக்கு வந்திருப்பதைக் கண்டுபிடித்தவரும் அக்காதான். லோரியின் மேல் பலகையில் சின்ன வீடு. உள்ளே இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு, திரை போட்ட ஜன்னல். வெளிச் சுவரில் மருந்துப் புட்டியைத் தூக்கிப் பிடித்த புலி.

சரக்குக் கொட்டகைக் குமாஸ்தாவான எனக்கு லோரி ஓட்டத் தெரியும் என்பதால், வெள்ளோட்டத்துக்கு என்னைப் பிடித்துப் போனார்கள். பச்சைக்கொடி தன் கொடி, விசில், சுத்தியல், கயிறு கட்டிய ஒரு முக்கோணக் கட்டை சகிதம் வந்தார். ரயில் சக்கரத்தைத் தட்டுவதுபோல் ரப்பர் சக்கரத்தைத் தட்டினார். 'தொப்' என்றது. மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"நல்ல சக்கரமெண்டால் மணி மாதிரிக் கேக்கவேணும், தம்பி."

ரப்பர் அப்படித்தான் என்று நான் தமிழில் சொன்னேன், சீனர் மலாயில் சொன்னார். இரண்டையும் அவர் நம்பவில்லை. வேண்டாம், திரும்பலாம் என்றார். அக்கா லோரிக்குள் ஏறித் திரைச்சீலையைச் சரிசெய்ய ஆரம்பித்துவிட்டார்.

வேறு வழியில்லாமல் இவரும் பின்வாசல் படியில், பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தார்.

"முன்னுக்கு நீர் பாரும். பின்னுக்கு நான் இருக்கிறன்," என்றார்.

மாடு நின்றால் விசில். சைக்கிள் வந்தால் விசில். ஒவ்வொரு விசிலுக்கும் நான் நிறுத்த வேண்டும். அவர் இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, நாலு திசையும் பார்த்து, கட்டையை எடுத்துக் கொடி காட்ட வேண்டும். நான்கு மைலுக்குள் ஒன்பது தடவை. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஒரு ரப்பர் தோட்டத்து மேட்டை எட்டிப் பார்த்துப் பத்தாவது விசில் ஊதினார். நான் நிறுத்தவில்லை.

பாதி மேட்டில் இஞ்சின் இருமிவிட்டு நின்றது. பிரேக்கை மிதித்தேன்; கால் தரைவரை போனது. கைப்பிரேக்கை இழுத்தேன், அது கையோடு வந்துவிட்டது. லோரி பின்னால் உருளத் தொடங்கியது. கீழே வளைவு, அதற்கப்பால் ஆறு, உள்ளே அக்கா. பக்கத்திலிருந்த சீனர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு முருகன் பெயர்கூட வாயில் முழுதாக வரவில்லை. பச்சைக்கொடி இந்நேரம் குதித்து ஓடியிருப்பார் என்றுதான் நினைத்தேன்.

குதித்தார், ஓடவில்லை. உருண்டு வந்த சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் செருகினார். லோரி அதன்மேல் ஏறப் பார்த்து, முனகி, நின்றது. பிறகு நீளமாக ஒரு விசில் கேட்டது.

இறங்கி ஓடினேன். உடுப்பெல்லாம் செம்மண்ணாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். விசிலை இன்னும் வாயிலிருந்து எடுக்கவில்லை. அக்கா வந்து மண்ணிலேயே பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். லோரியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், ஊருக்கே போய்விடுவோம் என்றார் அக்கா.

"இல்லை, வாங்குவம்," என்றார் பச்சைக்கொடி. என்னை நிமிர்ந்து பார்த்தார். "முப்பது வருசமா எனக்கு ஒரே பயம், தம்பி. இப்பிடி ஒரு நாள் வந்தால் நான் ஓடிடுவனோ எண்டு. இண்டைக்குத்தான் தெரிஞ்சுது."

பிரேக்கைப் புதிதாகப் போடவைத்து வாங்கினார்கள். முதல் பயணத்துக்கு லீவு போட்டு நானே ஓட்டினேன். அக்கா என் பக்கத்தில். அவர் பின்வாசல் படியில். ஒரு விசிலையும் நான் விடவில்லை. பதினைந்து மைலில் இருக்கும் காஜாங் போய்ச் சேரவே ஒரு முழுப் பகல் ஆனது.

இருவரும் காலமாகி வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போது என்னிடம் நல்ல கார் இருக்கிறது, பிரேக்கும் நன்றாகப் பிடிக்கிறது. ஆனாலும் மேடு வந்தால் கண்ணாடியில் பின்னால் பார்க்கிறேன். அங்கே கொடி தெரிவதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.