வெள்ளைக்காரர் கொடுத்த ரேசர்

ஒரு விஷயத்தை அரைகுறையாகத் தெரிந்தவர்களால் பெரிய ஆபத்து ஒன்றும் கிடையாது. எதையாவது உளறுவார்கள், நாலு பேர் சிரிப்பார்கள், அதற்குள் காபி வந்துவிடும். முழுசாகத் தெரிந்தவர்களைத்தான் சம்பந்தம் பேசுகிற இடத்துக்கு அழைத்துப் போகக் கூடாது. எனக்குப் பழைய ரேசர்களைப் பற்றி முழுசாகத் தெரியும். (அப்படித்தான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.)

ஆம், சவரம் செய்கிற ரேசர்தான். பிளேடைக் கழற்றி மாட்டுகிற பழைய உலோக ரகம். ஒரு பெண்ணுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். என் அம்மா அதைப் பல வருஷமாக, பல சுருதிகளில் கேட்டுப் பார்த்துவிட்டாள்.

நான் பெரம்பலூரில் ஒரு பாலிடெக்னிக்கில் மெஷின் டிராயிங் பாடம் எடுக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வகுப்பில் காட்டுவதற்குப் பல்சக்கரம் தேடி ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போனேன். குவியலைக் கிளறும்போது கையில் ஒரு ரேசர் அகப்பட்டது. பிடியின் அடியில் ஒரு திருகு இருந்தது. அதைத் திருப்பினேன். தலைப்பக்கம் இரண்டு சின்னக் கதவுகள் மெதுவாகத் திறந்தன. எதிர்ப்பக்கம் திருப்பினேன். கதவுகள் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டன. கடைக்காரர் "என்னம்மா வேணும்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் திறந்து மூடிக்கொண்டே இருந்தேன். பல்சக்கரத்தை மறந்து ரேசரோடு வீட்டுக்கு வந்தேன்.

அதன் பிறகு கண்ட ரேசரையெல்லாம் எடைபோட ஆரம்பித்தேன். கையில் வைத்தால் கனம் தலைக்குக் கீழே வந்து நிற்க வேண்டும். சோப்பு நுரையிலும் வழுக்காத அளவுக்குப் பிடியில் குறுக்கும் நெடுக்குமாகச் சொரசொரப்பு வெட்டியிருக்க வேண்டும். பிளேடு மாட்டினால் இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளியே தெரிய வேண்டும். முலாம் தேய்ந்த மூலையில் பித்தளை மஞ்சள் தெரிந்தால் நல்ல குடும்பத்துப் பிள்ளை. சாம்பல் நிறம் தெரிந்தால் பேச்சை மாற்றிவிட வேண்டியதுதான். லப்பைக்குடிக்காட்டு மாணவர்களின் அப்பாக்கள் வளைகுடாவிலிருந்து வரும்போது என் பொருட்டு அங்கே பழைய சாமான் கடைகளில் விசாரித்துவிட்டு வரும் அளவுக்கு என் புகழ் பரவியிருந்தது.

இதெல்லாம் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக் கூடாது என்பது அம்மாவின் கண்டிப்பான உத்தரவு.

"பொம்பளப் புள்ள அலமாரி நெறைய ரேசர் வெச்சிருக்குன்னா என்னாடி நெனைப்பாங்க? தெனம் தாடி வளருது, தெனம் வழிக்கிறான்னு நெனைக்க மாட்டாங்க?"

மாப்பிள்ளை இளங்கோ அரியலூரில் ஒரு தனியார் கம்பெனியில் இன்ஜினியர். குன்னத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து என்னைப் பார்த்துப் பிடித்துப் போய், அடுத்து நாங்கள் அவர்கள் வீட்டைப் பார்க்கப் போக வேண்டிய கட்டம். பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. ஆனால் இளங்கோவின் அப்பா தங்கராசு மாமா போனில், "என்னங்க இந்தக் காலத்துல. வாழப்போற புள்ள வந்து வூட்டைப் பாக்கட்டுமே" என்று சொல்லிவிட்டார். அவ்வளவு நல்ல மனிதர். அதற்கு நான் செய்த கைம்மாறைத்தான் சொல்ல வருகிறேன்.

வாடகைக் காரில் அப்பா, அம்மா, நான், பின்னால் அப்பாவின் வயலில் விளைந்த ஒரு மூட்டை சின்ன வெங்காயம். வெறுங்கையோடு போகக் கூடாது என்று அப்பா ஏற்றியது. அரியலூர் போய்ச் சேர்வதற்குள் என் பட்டுப்புடவை, மல்லிகைப்பூ எல்லாமே வெங்காய வாசனைக்கு வந்துவிட்டன. வழி முழுக்க அம்மா ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். "வாயத் தொறக்காத."

வீடு நன்றாக இருந்தது. வாசல் செம்பருத்தி இலைகள் மட்டும் சிமெண்ட் லாரி உபயத்தில் சாம்பல் பூத்திருந்தன. கேசரி வந்தது, வடை வந்தது. இளங்கோவின் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். ஜெயங்கொண்டத்திலிருந்து வந்திருந்த தங்கராசு மாமாவின் அக்கா, எதிர் நாற்காலியில் அமர்ந்து என்னைப் பரீட்சைப் பேப்பர் மாதிரி திருத்திக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை, வடைக்குத் தவிர.

அப்போதுதான் தங்கராசு மாமா சொன்னார். "எங்க வூட்டுப் பெருமைன்னு சொல்லிக்க நெலம் நீச்சு பெருசா இல்லைங்க. ஒரே ஒரு பொருள் இருக்கு. சுதந்திரத்துக்கு முன்னாடி சுண்ணாம்புக்கல் தேடி ஒரு வெள்ளைக்காரரு இந்தப் பக்கம் வந்தாரு. எங்கப்பாதான் அவருக்குத் தொணைக்குப் போனவரு. ஊருக்குத் திரும்பறப்ப அந்தத் தொரை தான் தாடி வழிச்ச ரேசரையே எங்கப்பாவுக்குக் குடுத்துட்டுப் போனாரு."

அம்மா என் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையை விளக்க எனக்கு இன்னும் தமிழ் போதவில்லை.

பூஜை அறையிலிருந்து மாமா இரண்டு கையாலும் ஒரு தகரப் பெட்டியை ஏந்தி வந்தார். மூடியில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு மட்டும் திறந்து, துலக்கி, சூடம் காட்டி மூடிவிடுவார்களாம். திறந்தார். உள்ளே கருநீல வெல்வெட், அதில் பளபளவென்று ஒரு ரேசர்.

"நான் பாக்கலாங்களா மாமா?"

"தாராளமாப் பாரும்மா. இதுல உனக்கு ஆர்வமா?"

"பழைய ரேசர்னா எனக்கு உசுருங்க."

ஜெயங்கொண்டத்து அத்தையின் பார்வை நேராக என் தாடைக்கு வந்து நின்றது. அப்புறம் மேலுதட்டுக்குப் போனது. மறுபடி தாடைக்கு வந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் பெட்டியை வாங்கினேன். லேசாக அசைத்தபோது ரேசர் உள்ளே கடகடவென்று உருண்டது. வெல்வெட் குழி நீளமாக இருந்தது, ரேசர் குட்டையாக இருந்தது. கையில் எடுத்தால் கனமே இல்லை. பிடியின் சொரசொரப்பு கண்ணுக்கு மட்டும் சொரசொரத்தது, விரலுக்கு வழுக்கியது.

அந்த நேரம் இளங்கோ இருமினார். நிமிர்ந்தேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் ஏதோ ஒரு தவிப்பு. தலையை மிக மெல்ல இடமும் வலமுமாக ஆட்டினார். எனக்குப் புல்லரித்துவிட்டது. என்னை இவ்வளவு ஊன்றிக் கவனிக்கிற மனிதரை நான் வகுப்பில்கூடப் பார்த்ததில்லை. அவர் ரசனைக்காக இன்னும் கொஞ்சம் விரிவாகவே சொல்வோம் என்று முடிவு செய்தேன்.

"பெட்டி அருமைங்க மாமா. அசல். ஆனா இந்த ரேசர் இந்தப் பெட்டியோடது இல்லைங்க."

"அப்படின்னா?"

"இருங்க, கழட்டிக் காட்டுறேன்." தலையைத் திருகிக் கழற்றினேன். பூஜையில் இருந்த பொருள் என்பதால் அந்த வீட்டில் அதுவரை யாரும் கழற்றிப் பார்த்ததில்லை. அடித்தட்டின் உட்புறம் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. வெளிச்சத்தில் பிடித்து, பின்வரிசைக்கும் கேட்க வேண்டும் என்ற வாத்தியார் பழக்கத்தில் நிறுத்தி நிறுத்தி வாசித்தேன்.

"டபிள்யூ. டபிள்யூ. டபிள்யூ."

"அது என்னாம்மா, அந்தத் தொரை பேரா?"

"இல்லைங்க மாமா, இன்டர்நெட் அட்ரஸ்."

"எங்கப்பா காலத்துலயா?"

"அதாங்க மாமா. முலாமைப் பாத்தா ஆறேழு வருஷத்துக்கு மேல இருக்காது."

இளங்கோவின் அம்மா மெதுவாகச் சொன்னார். "நான் வருஷா வருஷம் புளி போட்டுத் தேய்க்கிறேன். அதான் புதுசு மாதிரி மின்னுதுன்னு நெனைச்சுட்டு இருந்தேன்." பிறகு ஏதோ யோசித்து, "ஆறேழு வருஷம்னா நம்ம இளங்கோ காலேஜ் படிச்சப்பல்ல?" என்றார்.

எல்லோரும் இளங்கோ பக்கம் திரும்பினார்கள். அவர் கண்ணில் இருந்தது ரசனை இல்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"டிராமாவுக்கு எடுத்துட்டுப் போனேன்பா" என்றார்.

"என்ன டிராமா?"

"ஹாஸ்டல் டிராமா. எனக்குப் பொண்ணு வேஷம். மீசைய எடுக்கணும்னாங்க. தாத்தா ரேசர்ல எடுத்தா ராசியா இருக்கும்னு... பாத்ரூம்ல வெச்சுட்டு வந்துட்டேன். திரும்பிப் போனா காணோம். அப்புறம் ஆன்லைன்ல ஒண்ணு வாங்கி வெச்சேன்."

"மீசை எங்கடான்னு கேட்டப்ப அலர்ஜின்னு சொன்னே."

"ஆமாப்பா."

"திருச்சிக்குத் தோல் டாக்டருகிட்ட கூட்டிட்டுப் போனேன்."

"ஆமாப்பா."

"மருந்து குடுத்தாரு. தடவுனியேடா."

"தடவுனேம்பா."

ஜெயங்கொண்டத்து அத்தை தம்பியைப் பார்த்து, "அப்ப இத்தனை வருஷம் நீ சூடம் காட்டிக் கும்பிட்டது பார்சல்ல வந்ததையா?" என்றார். தங்கராசு மாமா எழுந்து உள்ளே போனார்.

இலை போட்டுச் சாப்பாடு நடந்தது. அப்பளத்தை உடைக்கப் பயந்து அப்படியே விட்டுவிட்டேன். மாமா எங்களை வாசல் வரை வந்து வழியனுப்பினார். "போயிட்டு வாங்க" என்றார்.

காரில் அம்மா பேசிய எதையும் இங்கே எழுத முடியாது. அப்பா மட்டும் வெகுநேரம் வெளியே மக்காச்சோளக் காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தவர், குன்னம் நெருங்கும்போது ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"வெங்காயத்தை முடிவு தெரிஞ்சப்புறம் எறக்கியிருக்கலாம்."

அதற்கப்புறம் அரியலூரிலிருந்து போன் இல்லை. இளங்கோவிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி மட்டும் வந்தது. "நல்லா கண்டுபிடிச்சீங்க." அதைப் பாராட்டாகவும் வாசிக்க முடிந்தது, சாபமாகவும் வாசிக்க முடிந்தது. நான் இரண்டு விதமாகவும் வாசித்து அழுதேன். அவரை எனக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. அலமாரியைத் திறக்கவே மனசு வரவில்லை. எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி பாலிடெக்னிக்கில் என் மேஜை டிராயருக்குள் தள்ளினேன்.

ஒருநாள் மத்தியானம், சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது, ஆசிரியர் அறை வாசலில் தங்கராசு மாமா நின்றார். பஸ்ஸில் வந்திருந்தார். கையில் துணிப்பை. வெங்காயத்தைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

பையிலிருந்து அந்தத் தகரப் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். உள்ளே ரேசர் இல்லை.

"அன்னிக்கு நீ சொன்னதுல ஒண்ணு மட்டும் மனசுல நின்னுச்சும்மா. பெட்டி அசல்னு சொன்னே." துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "எங்கப்பா இருந்தவரைக்கும் என்னைத் தொட விடல. அவரு போனப்புறம் எனக்கே தொட மனசு வரல, சூடம் காட்டறப்பவும் கண்ண மூடிட்டுத்தான் கும்பிடுவேன். அதனால அது எப்படி இருந்துச்சுன்னு எனக்கே சரியாத் தெரியாது. அதான் நீ சொன்னப்ப பதில் பேச முடியல. இந்தக் குழியப் பாத்து, உள்ள இருந்தது எப்படி இருந்திருக்கும்னு சொல்ல முடியுமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டு அளவு எடுத்தேன். குழியின் நீளம், பிடியின் தடிமன், தலை அழுத்திய தடத்தின் அகலம். பாதி அளக்கும்போதே தெரிந்துவிட்டது. துரை கொடுத்தாரோ யார் கொடுத்தாரோ, அது ரொம்பச் சாதாரண ரகம். எந்த ஊர்ப் பழைய இரும்புக் கடையிலும் கிடைக்கும். என் டிராயருக்குள்ளேயே எடைக்கு வாங்கியது நாலைந்து கிடந்தது.

அதில் நல்லதாக ஒன்றை எடுத்துக் குழியில் வைத்தேன். டக்கென்று உட்கார்ந்தது. பெட்டியை மூடி அசைத்தேன், சத்தம் இல்லை. மாமா வாங்கித் திறந்து பார்த்தார். விரலால் ஒருமுறை பிடியைத் தடவினார்.

"இது மதிப்பான ரகமாம்மா?"

வாழ்க்கையில் முதல்முறையாகப் பதில் தெரிந்தும் யோசித்தேன்.

"விலை சொல்ல முடியாதுங்க மாமா."

அவர் முகத்தில் அன்று வந்த நிம்மதியை நான் எந்த நல்ல ரேசருக்கும் தரமாட்டேன். பெட்டியை மூடினார். பைக்குள் வைப்பார் என்று பார்த்தால், என் பக்கம் நகர்த்தினார்.

"இப்ப எடுத்துட்டுப் போகல. நீ நம்ம வூட்டுக்கு வர்றப்ப எடுத்துட்டு வா."

அவர் எழுந்து பஸ்ஸுக்குக் கிளம்பிய பிறகுதான் எனக்கு அதன் அர்த்தம் உறைத்தது. (முழுசாகத் தெரிந்தவள் அல்லவா, கொஞ்சம் நேரமாகும்.)

கல்யாணத்தன்று சீர்வரிசைத் தட்டுகளில் தேங்காய், பழம், புடவைக்கு நடுவே அந்தப் பெட்டியும் போனது. பந்தலில் சென்னையிலிருந்து வந்திருந்த ஓர் உறவுக்காரப் பெண்மணி, ஜெயங்கொண்டத்து அத்தையிடம் குனிந்து, "பொண்ணுக்கு எத்தனை சவரன் போட்டாங்க?" என்று கேட்டிருக்கிறார். எங்கள் பக்கம் நகையைப் பவுன் கணக்கில்தான் கேட்போம். மேளச் சத்தத்தில் அத்தைக்கு அது வேறு மாதிரி விழுந்தது.

"ஒண்ணுதாங்க. பெட்டியோட."

"ஒண்ணே ஒண்ணா?"

"போதாதாங்க? வூட்டு ஆம்பளைங்க எல்லாரும் மாத்தி மாத்திப் பண்ணிக்கிடலாம்."

அந்த அம்மாள் சாப்பிடாமலே சென்னைக்குக் கிளம்பிவிட்டதாகக் கேள்வி. அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணப் பேச்சு வந்தாலும் யாராவது ஒருவர் "சவரனா, சவரமா?" என்று கேட்காமல் விடுவதில்லை.

சமீபத்தில் இளங்கோவின் தம்பிக்குப் பெண் பேசப் போனோம். பெண்ணின் அப்பா தயங்கித் தயங்கி, "நாங்க என்னங்க செய்யணும்னு எதிர்பாக்குறீங்க?" என்று கேட்டார். தங்கராசு மாமா என்னைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டே, "எங்க வூட்டு வழக்கத்துக்குச் சவரன் வேணாங்க. சவரம் போதும்" என்றார். நாங்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தோம். பெண்ணின் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. தன் கன்னத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். நிச்சயதார்த்தத்துக்கு வந்தபோது அவரும், அவருடைய தம்பிகள் இருவரும், மீசை உட்பட மழமழவென்று வழித்துக்கொண்டு வந்து வரிசையாக நின்றார்கள்.