போளூர் பஸ் நிறுத்தத்தில் எடுத்த பாட்டு

கொடைக்கானல்,
திங்கட்கிழமை.

பாலசமுத்திரத்தில் வாழும், என் மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய மச்சான் உபகாரம் அவர்களுக்கு ஆக்னல் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் நானும் தங்கள் தங்கை புஷ்பமேரியும் சுகம். அவளுடைய முழங்கால் மட்டும் பனிக்கு வழக்கம்போல் மக்கர் பண்ணுகிறது. அங்கே தாங்களும் அக்காவும் சுகமென்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள், இது தெருவுக்குக் கேட்க வேண்டிய சேதி இல்லை.

விஷயம் இதுதான். நான் ஒரு பாட்டுப் படத்தில் வரப்போகிறேன் என்று சொன்னேன் அல்லவா, அது வெளிவருகிற அன்று தெருவையே கூட்டி உங்கள் வீட்டு டிவி முன்னால் உட்கார வைப்பதாகத் தாங்களும் சொன்னீர்களே, தயவுசெய்து யாரையும் கூட்ட வேண்டாம். நான் அதில் இல்லை.

எப்படி இல்லாமல் போனேன் என்று சொல்கிறேன். எங்கள் ஊர் நாடகக் குழுவில் சேர்ந்த நாள் முதல் என் சோலி, மேடைக்கு இடப்பக்கம் திரைக்குப் பின்னால் நின்று, வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது. காய்கறிக் கடை நல்லுசாமி எத்தனை ராஜா வேடம் கட்டினாலும் வாயைத் திறக்கும் முன் ஒரு தடவை என் பக்கம் பார்த்துக்கொள்வார். முன் வரிசைக்காரர்கள் என் குரலைக் கேட்டிருக்கிறார்கள், முகத்தைப் பார்த்ததில்லை. பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளாக இருந்தபோதும் அதே கதிதான். தவளையைப் பிடித்து வருவது நான், அறுத்துக் காட்டிப் பெயர் வாங்குவது வாத்தியார். ஒரு தரமாவது என் முகம் நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்று எனக்கு ஆசை மச்சான். இந்த வயதில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, தங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்.

பழனியிலிருந்து முருகவேல் என்று ஒரு தம்பி கேமராவும் கூட்டாளிகளுமாக எங்கள் குழுவைத் தேடி வந்தார். மகளை வேலைக்கு வெளியூர் அனுப்பும் அப்பனைப் பற்றிய பாட்டு. இங்கே மேல்மலைப் போளூரில் பஸ் கிளம்பும், அப்பனாக நல்லுசாமி நிற்பார், நாங்கள் ஊர்ச்சனமாகப் பின்னால் நின்று பாட்டுக்கு வாயசைத்துக் கை காட்ட வேண்டும். வெள்ளனே வேன் ஏறினோம். நான் புதுச்சட்டை போட்டு, வழுவழுவென்று சவரம் செய்திருந்தேன். அதன்மேல் தங்கள் தங்கை தன் கையால் பின்னிய பழுப்புக் குரங்குக் குல்லா. வேண்டாம் என்றேன். "காதுல குளிர் ஏறுனா ராத்திரி பூரா என்னையத்தான எழுப்புவீங்க, மாட்டுங்க" என்று அவளே மாட்டிவிட்டாள். தங்களுக்குத் தெரியாத குல்லாவா, மிச்சக் கம்பளியில் தங்களுக்கும் அதே மாதிரி ஒன்று பின்னிக் கொடுத்தாளே. அதை மாட்டினால் கண்ணும் மூக்கும் உதடும் மட்டும்தான் எட்டிப் பார்க்கும்.

அங்கே போனதும் எனக்குச் சந்தேகத்துக்கு மேல் சந்தேகம். ஒரு பெட்டியிலிருந்து புகை விட்டார்கள். "மலையே மூடுபனியில கெடக்கு, இதுக்கு மேல எதுக்குத் தம்பி புகை?" என்று கேட்டேன். "அது நாம சொன்னா நிக்காது சார், இது நிக்கும்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. அப்புறம் பாட்டைப் போட்டார்கள், அது நாய் துரத்திய கோழி போல ஓடியது. ஏன் இந்த ஓட்டம் என்று விசாரித்தேன். இரண்டு மடங்கு வேகத்தில் வாயசைக்க வைத்துப் படமெடுத்து, பிறகு பாதி வேகத்தில் ஓட்டினால், உதடு பாட்டோடு வந்து சேர்ந்துகொள்ளுமாம், ஆனால் ஆளும் முடியும் சேலைத் தலைப்பும் அப்படியே மிதக்குமாம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது மச்சான். அப்படியென்றால் மூடுபனியும் மிதக்குமா, பஸ் புகையும் மிதக்குமா, நல்லுசாமியின் தொந்தியும் மிதக்குமா என்று கேட்டுக்கொண்டே கேமராவுக்குள் எட்டிப் பார்த்தேன். "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார் முருகவேல். அன்று முழுவதும் அவர் என்னிடம் அதிகம் பேசியது இதைத்தான்.

"மொதல்ல ஒரு ஒத்திகை பாத்துக்கலாம்" என்றார். எங்கள் குழுவில் ஒத்திகை என்றால் நல்லுசாமி டீ குடித்துக்கொண்டே முடிசூடுவார். ஒத்திகைக்கு எதற்கு முகம் என்று நானும் குல்லாவைக் கழற்றவில்லை. பாட்டு ஓடியது. அந்த வேகத்தில் ஒருவருக்கும் வரி பிடிபடவில்லை. வரி பிடிபடாவிட்டால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள், என்னைத்தான் பார்ப்பார்கள். நல்லுசாமி பார்த்தார், டீச்சர் பெர்லின் பார்த்தாள், மொத்த ஊர்ச்சனமும் பார்த்தது. பழகிய வாய் சும்மா இருக்குமா, என் உதடு தன்னால் வரியை எடுத்துக் கொடுத்தது.

பிறகு குல்லாவைக் கழற்றி, தலை சீவி, நிஜமாக எடுக்கும்போதும் அதே கூத்துதான். முருகவேல் நிறுத்தினார். "மக பஸ் ஏறிப் போறா. அதைப் பாக்காம எல்லாரும் எதுக்கு அந்த சாரையே பாக்குறீங்க?"

"அவரைப் பாக்காம எங்களுக்கு வாய் வராதுங்க" என்றார் நல்லுசாமி. "ஹாபிட் ஆயிருச்சு சார்" என்றாள் பெர்லின்.

என்னை வலப்பக்கம் நிறுத்தினார்கள், எல்லாத் தலையும் வலப்பக்கம் போனது. பின்னால் நிறுத்தினார்கள், எல்லோரும் கேமராவுக்கு முதுகைக் காட்டினார்கள். கடைசியில் ஒரு உருளைக்கிழங்குப் பெட்டியைக் கவிழ்த்து, கேமராவுக்கு அடியிலேயே என்னை உட்கார வைத்தார்கள். அவ்வளவுதான், ஒரு வரி பிசகவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். திரும்பும்போது வேனில் குல்லாவை இழுத்து மாட்டிக்கொண்டு தூங்குவதுபோல் வந்தேன். புஷ்பமேரியிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆகவே தெருவைக் கூட்ட வேண்டாம். யாராவது கேட்டால், மாப்பிள்ளை தொழில்நுட்பப் பக்கம் இருந்தார் என்று சொல்லிவிடவும், அது பொய்யில்லை. அக்காவுக்கு என் அன்பு. ஆண்டவர் தங்கள் வீட்டையும், மாமரத்தையும், டிவியையும் காப்பாராக.

தங்கள் பிரியமுள்ள மாப்பிள்ளை,
ஆக்னல்

பி.கு.: இந்தக் கடிதம் தபாலுக்குப் போகாமல் சட்டைப் பையிலேயே கிடந்துவிட்டது, அதற்குள் பாட்டு வெளிவந்துவிட்டது. அந்தத் தம்பி ஒத்திகையையும் படம் பிடித்திருக்கிறார். கேமராவுக்கு அடியில் நான் உட்கார்ந்து எடுத்ததில் எல்லோரும் கேமராவையே வெறித்துப் பார்க்க, கல்யாண குரூப் போட்டோ மாதிரி இருந்ததாம், தூக்கிப் போட்டுவிட்டார். படத்தில் ஒத்திகைதான் ஓடுகிறது. பஸ் போகிறது, பனி மிதக்கிறது, ஊரே ஒரு மனிதனைத் திரும்பிப் பார்க்கிறது, அந்த மனிதன் தனக்குள் ஏதோ முணுமுணுக்கிறான். நல்லுசாமியை யாரும் சீந்தவில்லை, அப்பன் நான்தான் என்று ஆகிவிட்டது. பார்த்துவிட்டுப் புஷ்பமேரி அழுதாள். அழுது முடிப்பதற்குள் உங்கள் எதிர்வீட்டுக் கந்தம்மாளிடமிருந்து போன். "எங்க உபகாரண்ணன் எம்புட்டு உருக்கமா நடிச்சிருக்காரு, அந்தக் குல்லாவைப் பாத்ததுமே கண்டுபிடிச்சிட்டோம். ஒங்க வீட்டுக்காரரையும் ஒரு ஓரமா நிக்க வச்சிருக்கலாம்" என்றாளாம். தெருவில் தங்களுக்குச் சால்வை போட்டார்களாம், தாங்களும் மறுக்காமல் குனிந்து வாங்கிக்கொண்டீர்களாம். மச்சான், மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடவும். தெருவைக் கூட்டவும். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். நான் குல்லாவோடு இறங்குவேன், தாங்கள் தயவுசெய்து வெறுந்தலையோடு வந்து நிற்கவும்.