ஆணுறை அக்காவும் பிரின்சிபாலின் பொன்னாடையும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் அதிகம் பேரை வேர்க்க வைத்தது வெயில் இல்லை, ஆணுறை அக்காதான். அரசு ஆஸ்பத்திரியில் பால்வினை நோய் ஆலோசகர். ஆவூர்க்காரர். கழுத்தில் ஜெபமாலை, கையில் கட்டைப்பை. சொந்தப் பெயர் ஏதோ உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்ப மாட்டார்.

ஒருமுறை குளத்தூர் பஸ்ஸில் அந்தப் பை அறுந்து, ஆணுறைப் பாக்கெட்டுகள் படிக்கட்டுவரை சிதறின. மொத்தப் பயணிகளும் ஜன்னல் வழியே வயலைப் பார்த்தோம். அக்கா, ஒன்றைப் பொறுக்கிக் கொடுத்த கண்டக்டரிடம் அதிலுள்ள காலாவதித் தேதியைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். மனிதர் வாசித்தார். அடுத்த இரண்டு ஸ்டாப்புக்கு அவருக்கு விசில் ஊத வரவில்லை.

நான் வணிகவியல் ஆசிரியராக இருந்த கல்லூரிக்கு, இறுதியாண்டு மாணவர்களிடம் பேச அவரை அழைத்தோம். கொஞ்சம் நாசூக்காகப் பேசும்படி பிரின்சிபால் முன்பே கேட்டுக்கொண்டார். அக்காவும் தலையாட்டினார். மேடையேறியதும் பைக்குள் கைவிட்டு, மரத்தில் செய்த ஆணுறுப்பு மாதிரி ஒன்றை எடுத்து மைக்குக்கு முன்னால் நிறுத்தினார்.

அதிர்ந்துபோன பிரின்சிபால், அக்காவுக்காக வைத்திருந்த பொன்னாடையை எடுத்து அதன்மேல் போர்த்திவிட்டார்.

அக்கா நிதானமாகச் சொன்னார்: “அதுக்குப் போத்துறதுக்கு நான் வேற கொண்டாந்திருக்கேன் சார்.”

சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆனது. பிறகு பாடம். பல்லால் கிழிக்கக் கூடாது, நுனியில் காற்று தங்கக் கூடாது, தேங்காய் எண்ணெய் ஆகவே ஆகாது. பிரின்சிபால் கூரையிலிருந்த மின்விசிறிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

“பர்ஸுல வச்சு மாசக்கணக்கா அதுமேல ஒக்காந்தீங்கன்னா, சூட்டுல வீணாப்போயிரும். கிழிஞ்சிருச்சுன்னா மூணு நாளைக்குள்ள ஓடியாங்க, எச்.ஐ.வி. தொத்தாம இருக்க மாத்திரை இருக்கு. நாள் தாண்டிருச்சா, டெஸ்டாவது எடுங்க. பயத்தை வச்சுக்கிட்டுக் குடும்பம் நடத்தாதீங்க.”

என் சிரிப்பு நின்றுவிட்டது. திருப்பூரில் வேலை பார்த்தபோது எனக்கும் ஒருமுறை அப்படிக் கிழிந்திருந்தது. இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கா கதவைச் சாத்தினார். எங்கே, யாரோடு என்று கேட்கவில்லை. ரத்தம் எடுத்த பிறகு டீ வரவழைத்துத் தந்தார். முடிவுத்தாளை என் பக்கம் திருப்பி வைத்து, “ஒண்ணுமில்லை, பயப்படாதீங்க” என்றார். அவர் முன்னால் அழுதேன். முடியும்வரை காத்திருந்தார்.

அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும் என்னை அவருக்குத் தெரியாது. பஸ்ஸில் பத்துப் பேரிடம் பேசுவார், என்னைக் கடந்துபோய்விடுவார். அவரிடம் வந்தவர்களை வெளியில் அவராகத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டாராம். அது புரிய எனக்குக் கொஞ்ச நாள் ஆனது.

போன மாதம் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நானே முன்னால் போய் நின்று வணக்கம் சொன்னேன். யாரென்று மனைவி கேட்டாள்.

“எங்க அக்கா” என்றேன்.